புகை இன்ஸ்பெக்டர் தங்கவேலுவும் என் கடை அடுப்பும்

செய்தியைக் கொண்டுவந்தவர் பிஸ்வாஸ்தா. கல்கத்தாவின் டாலிகஞ்சில் என் சிற்றுண்டிக் கடை திறந்த நாளிலிருந்து காலைக் காபிக்கு வருகிறவர். அன்று வழக்கமான இடத்தில் உட்காராமல் கல்லாப்பெட்டி அருகே வந்து நின்றார். காதில் செருகியிருந்த பீடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வங்காளத்தில், “சிதம்பரம், தோமார் இன்ஸ்பெக்டர் சோலே கேலேன்” என்றார். உன் இன்ஸ்பெக்டர் போய்விட்டார் என்று அர்த்தம்.

“எங்கே? மறுபடியும் மாத்திட்டாங்களா?” என்று கேட்டேன்.

தங்கவேலு ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அவரை யாராவது எங்காவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்ற நினைப்பு எனக்குப் போகவில்லை. பிஸ்வாஸ்தா கூரையைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் புரிந்தது. கையில் இருந்த சில்லறையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் வைத்துக்கொண்டே நின்றேன்.

அவரைப் பற்றி நம் தமிழ்ச் சங்க மலரில் எழுத வேண்டுமென்று நீங்கள் என்னிடம் கேட்டதில் எனக்கு ஆச்சரியம்தான். அவருடைய நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நான் அவரிடம் நோட்டீஸ் வாங்கியவன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவரை நாள்தோறும் பார்த்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அவர் படுத்திய பாடும் மற்றவர்களைவிட எனக்குத்தான் அதிகம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலக் காலை. எதிர்ச் சாரியில் ஒருவர் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி ஏதோ அட்டையைப் பிடித்து என் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே சினிமா ஸ்டுடியோக்கள் இருக்கும் ஊர் இது. படப்பிடிப்புக்கு இடம் பார்க்கும் டைரக்டர் என்று முடிவு செய்துவிட்டேன். தலையை வாரினேன். சலவைச் சட்டையை மாட்டினேன். என் மனைவி கோமதி சேலைகூட மாற்றிவிட்டாள். டிகாஷன் தூக்கலாக ஒரு காபி போட்டு அனுப்பினேன். காபி தொடப்படாமல் திரும்பி வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார்.

“நாலாம் நம்பருங்க” என்றார்.

நல்ல தமிழ். எனக்கு ஒரே சந்தோஷம். “நம்ம கடையில மொத்தமே மூணு மேசைதான் சார். ஒண்ணாம் நம்பர்லயே உக்காருங்க” என்றேன்.

“மேசை இல்லீங்க. உங்க புகை.”

அட்டையைக் காட்டினார். வெள்ளையில் தொடங்கிச் சாம்பல் நிறம் ஏறி ஏறிக் கறுப்பில் முடியும் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். புகைபோக்கியிலிருந்து வரும் புகையோடு ஒப்பிட்டு எது பொருந்துகிறதோ அதை எழுதிக்கொள்வது அவருடைய வேலை. அரசாங்கத்தில் புகை இன்ஸ்பெக்டர் என்று ஓர் உத்தியோகம் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

“சாருக்கு எந்த ஊரு?” என்று பேச்சை மாற்றினேன்.

“ஈரோட்டுப் பக்கமுங்க.”

“நான் தென்காசிப் பக்கம். அப்ப நம்மாளுல்லா!”

“இருக்கலாமுங்க. ஆனா புகை எந்த ஊர்க்காரன்னு கேக்கறதுக்கு இந்த அட்டையில கட்டம் இல்லீங்களே” என்று சொல்லி நோட்டீஸை மேசைமேல் வைத்தார்.

புகைபோக்கியை உயர்த்த வேண்டும், அடுப்பின் கம்பித் தட்டை மாற்ற வேண்டும், ஈரக் கரி போடக் கூடாது. அந்த வேலை முடியும்வரை தினமும் மதியம் வந்து எதிர்ப்புறத் தேநீர்க் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச் சாதத்தைச் சாப்பிட்டபடி என் புகையைப் பார்ப்பார். விசாரணையில் இருக்கும் கடையில் கை நனைக்க மாட்டார். ஒருநாள் கோமதிக்கு மனசு கேட்காமல், “கொஞ்சம் சாம்பாராவது ஊத்திக்கிடுங்க அண்ணாச்சி” என்று கிண்ணத்தோடு ரோட்டைக் கடந்து போனாள். “வேண்டாமுங்கம்மா. வாசனை இங்க வரைக்கும் வருது, அதைத்தான் தொட்டுக்கிட்டுச் சாப்பிடறேன். வாசனை வாங்கறதுக்குத் தடை இல்லீங்க” என்றாராம். அந்த ஒரு சொல்லில் அவள் கட்சி மாறிவிட்டாள்.

புகைபோக்கி உயர்ந்தது. எண் இறங்கியது. மறுநாள் முதல்முறையாகக் கடைக்குள் வந்து உட்கார்ந்து தோசை கேட்டார். அன்றுமுதல் அவர் எனக்கும் அண்ணாச்சி.

அந்த அட்டை அவர் பையில் எப்போதும் இருக்கும். நம் சங்கத்து நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணம்; உங்களில் பலர் அதில் இருந்திருப்பீர்கள். தாலி கட்டும் நேரம். ஹோமத்தில் ஈரச் சுள்ளி புகைந்து மண்டபமே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எழுந்து கையை நீட்டி அட்டையைப் பிடித்துவிட்டார். பெண்ணின் தகப்பனார் ஓடிவந்து, “சார், சார், நல்ல நேரம் போயிடும்!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். “பயப்படாதீங்க. கல்யாணப் புகைக்கு நோட்டீஸ் கிடையாது. விறகு ஈரமுன்னு மட்டும் ஐயருகிட்டச் சொல்லுங்க” என்றார் இவர். காய்ந்த சுள்ளி வந்தது. புகை அடங்கியது. ஆனால் பெண்ணின் அத்தைக்குத்தான் மனத்தாங்கல்: “பொண்ணு கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலியே, நாலு பேரு என்ன நினைப்பாங்க?”

இப்படிப்பட்ட மனிதர் உத்தியோகத்தில் எத்தனை காலம் நிம்மதியாக இருக்க முடியும்? அலிப்பூரில் அவருடைய அலுவலகம். அங்கே மாடிப்படிக்குக் கீழே தேநீருக்காக ஒரு கரி அடுப்பு நாள் முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும். அதிகாரியின் ஜீப் வாசலில் நின்றபடியே உறுமிக்கொண்டிருக்கும். அண்ணாச்சி ஒருநாள் சாலையின் எதிர்ப்புறம் போய் நின்று, ஒரு கண்ணை மூடி, அளந்து, முறைப்படி எழுதி, தன் அலுவலகத்துக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

“ஏன் அண்ணாச்சி இந்த வேலை உங்களுக்கு?” என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

“ஊர்ல இருக்கற புகையை எல்லாம் எழுதறோம். நாம விடறது மட்டும் சாம்பிராணிங்களா?”

அதிகாரி அவரைக் கோப்பறைக்கு மாற்றினார். இனிமேல் அளக்க வேண்டிய புகை எதுவும் இல்லை, பழைய காகிதங்களின் தூசி மட்டும்தான். அவர் முகம் வாடியதை அந்த ஒரு காலத்தில்தான் பார்த்தேன். தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருப்பார். “எனக்கு வேற எதுவும் தெரியாதுங்களே, சிதம்பரம்” என்று ஒருமுறை சொன்னார். 

அளக்கப் புகை இல்லாத மனிதர் படிக்கத் தொடங்கினார். ஜாதவ்பூர்ப் பக்கம் விஞ்ஞானச் சொற்பொழிவு எங்கே நடந்தாலும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவார். ஒரு ஜனவரி மாதம் அப்படிப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தவர், உட்காராமலே, “மோசம் போயிட்டேனுங்க” என்றார்.

நான் பயந்துவிட்டேன். பாக்கெட் அடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

“கண்ணுக்குத் தெரியற புகை பாதிதானாமுங்க. கரி எரிஞ்சா நிறமில்லாத ஒரு வாயு போகுதாமே, அதுதான் பெரிசாம். கறுப்பு கொஞ்ச நாள்ல படிஞ்சுடும். இது மேலயே தங்கி, பூமியோட சூட்டை வெளிய விடாமப் புடிச்சு வெச்சுக்குமாம். இத்தனை வருசமா நான் திருடனை விட்டுட்டு அவன் சட்டை என்ன நிறமுன்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.”

பிஸ்வாஸ்தா அப்போது குரங்குக் குல்லா, மஃப்ளர், அதன் மேல் சால்வை என்று மூட்டையாக உட்கார்ந்து காபியை ஊதிக்கொண்டிருந்தார். “பூமி சூடாகுமா? பாலோ, பாலோ! நல்லது, சீக்கிரம் ஆகச் சொல்லுங்கள். என் முழங்கால் தாங்கவில்லை” என்றார். கடையே சிரித்தது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பிஸ்வாஸ்தாவுக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. தொழிற்சங்கத்தில் இருந்தவர் ஆகையால் உடனே அரசியலுக்குத் தாவினார்; அண்ணாச்சி அவருக்குத் தாதா, அதாவது அண்ணன். “அதெல்லாம் பணக்கார தேசங்களின் குற்றம், தாதா. ஒருவனுக்கு ஒரு கார் அவர்களுக்கு. நமக்கென்ன? என் ஒரு பீடியா பூமியைச் சுடப்போகிறது?”

“அவங்க பங்கு ரொம்பப் பெரிசுங்க. நான் இல்லேங்கல” என்றார் அண்ணாச்சி. “ஆனா அவங்களுக்குப் பெரிய பங்குன்னா, நமக்குச் சின்னதா ஒண்ணு இருக்குதுன்னுதானுங்க அர்த்தம். ‘நான் இல்லை’ன்னு சொல்லாதீங்க. ‘என்னுது எவ்வளவு’ன்னு கேளுங்க.”

அண்ணாச்சி சொன்னதோடு நிற்கவில்லை. என் கடைக்குப் பின்னால் ஒரு குப்பைமேடு இருந்தது நினைவிருக்கும். என் கடை எச்சில் இலை, காய்கறித் தோல், புளித்துப்போன மாவு, தெருக் குப்பை எல்லாம் அங்கேதான். வெயில் காலத்தில் தானாகவே தீப்பிடித்து நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். காற்றுப் படாமல் அழுகுகிற குப்பையிலிருந்து எரியக்கூடிய ஒரு வாயு வருகிறது, அதைச் சும்மா மேலே போகவிட்டால் கரி வாயுவைவிட மோசம், பிடித்து அடுப்பில் எரித்தால் அந்த அளவுக்குக் கரி மிச்சம் என்று எனக்கு விளக்கினார். உங்கள் கொல்லையில் ஒரு குழி வெட்டலாமா என்று கேட்டார்.

நான் சரி என்பதற்குள் கோமதி உள்ளேயிருந்து வந்தாள். “சாணிக் குழியில வார காத்துல சாம்பார் வச்சா எவன் திம்பான்? கடையை இழுத்து மூடணும்னா நேராவே சொல்லுங்க அண்ணாச்சி.”

“காபி அடுப்புக்கு மட்டுமுங்கம்மா. நல்லா வரலீன்னா நானே குழிய மூடித் தர்றேன்.”

லீவு போட்டுவிட்டு வந்து மேஸ்திரியோடு நின்று தானும் வெட்டினார். குழிக்குச் சாணம் வேண்டும். தெருமுனையில் மாட்டுக் கொட்டகை வைத்திருந்த பீகார்க்காரர் யாதவ், சாணத்தை வரட்டி தட்டி விற்பவர், முதலில் மறுத்தார். அண்ணாச்சி அவரிடம் இந்தியில் பூமி, சூடு, வாயு என்று விரிவாகப் பேசினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட யாதவ் கடைசியில், “சாஹேப், இவ்வளவு தூரம் சாணியைப் பற்றி மரியாதையாகப் பேசியவர் நீங்கள் ஒருவர்தான்” என்று சொல்லி ஒரு வண்டி அனுப்பிவைத்தார்.

குழிக்குமேல் கவிழ்த்துவைத்த பெரிய இரும்புப் பீப்பாய். உள்ளே வாயு சேரச் சேரப் பீப்பாய் மேலே எழும்ப வேண்டும். எழும்பவில்லை. நாட்கள் போயின. நாற்றம் மட்டும் எழும்பியது. பக்கத்து வீடுகளில் சன்னல்கள் சாத்தப்பட்டன. குளிரில் புளிக்காத மாவுபோலத்தான் இதுவும், கதகதப்பு வேண்டும் என்று கண்டுபிடித்து, தன் வீட்டுப் பஞ்சுப் போர்வையைக் கொண்டுவந்து பீப்பாய்க்குப் போர்த்திவிட்டார். இங்கே ‘லேப்’ என்று சொல்வார்களே, அந்தச் சிவப்புத் துணிப் போர்வை. அந்தக் குளிர் முழுக்க அவர் வீட்டில் ஒரு போர்வை குறைவு. யாருக்குக் குறைந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் இருமிக்கொண்டிருந்தார்.

கொல்லையில் சிவப்புத் துணி போர்த்திய ஒரு குமிழ். பிஸ்வாஸ்தாவின் மனைவியை நாங்கள் பௌதி என்போம், அண்ணி என்று அர்த்தம். பௌதி ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்து அதன்மேல் ஒரு செம்பருத்தியை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் இன்னும் இரண்டு பெண்கள். அண்ணாச்சி பூவைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் அதற்கடுத்த நாள் பௌதி ஊதுவத்தியைக் கொளுத்தி, பீப்பாயின் ஓரத்தில் செருக இடம் தேடிக்கொண்டிருந்தார். கடைக்குள் வாயில் இட்லியோடு இருந்த அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார்.

அவர் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “பௌதி! ஆகுன் நா! ஆகுன் நா!” நெருப்பு வேண்டாம் என்று கத்திக்கொண்டே போய், ஊதுவத்தியைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் எறிந்தார். பௌதி வெலவெலத்துப் போய்ப் பீப்பாயின்மேல் கையை ஊன்றினார். அப்படியே நின்றார். முகம் மாறியது.

“உட்சே” என்றார் மெதுவாக. எழும்புகிறது.

எல்லோரும் ஓடினோம். அண்ணாச்சி போர்வையை விலக்கிக் குனிந்து பார்த்தார். ஆமாம், பீப்பாய் மேலே வந்திருந்தது, துருப்பிடித்த கோட்டுக்குமேல் கையகலம். மனிதர் அங்கேயே சாணிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பௌதி மட்டும் நிதானமாகச் சொன்னார்: “பூ வைத்தது வீணாகவில்லை.” இன்றுவரைக்கும் அது தன்னால் எழும்பியது என்றுதான் சொல்லிவருகிறார். அண்ணாச்சியும் ஒருநாளும் மறுத்ததில்லை.

அடுப்பைப் பற்றவைத்தவள் கோமதி. நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. காபி தயாரானது. யாரும் டம்ளரைத் தொடவில்லை. அண்ணாச்சி முதல் டம்ளரை எடுத்துக் குடித்தார். பிஸ்வாஸ்தா இரண்டாவதை எடுத்து முகர்ந்து முகத்தைச் சுளித்தார்.

“ஏதோ வாசனை வருகிறதே, தாதா.”

“அது சிக்கரிங்க” என்றார் அண்ணாச்சி. “இவரு எப்பவுமே அப்படித்தான் கலக்கறாரு. இன்னைக்குத்தான் நீங்க கவனிச்சு முகர்ந்திருக்கீங்க.”

கடையின் மானம் போனது. ஆனால் காபி போணியாயிற்று. அந்த வாயு ஒரே ஓர் அடுப்புக்குத்தான் போதும். தோசைக்கல்லுக்குக் கரிதான் எரிந்தது. அதையும் அவரே எல்லோரிடமும் சொல்லுவார். “ஒரு கரி அடுப்பு அணைஞ்சிருக்குது. அவ்வளவுதான். இதைப் போயிப் பெரிசாப் பேசாதீங்க.”

பிறகு அந்தப் பெருமழை ஆண்டு வந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கொல்லைச் சுவர் சரிந்து, பீப்பாய் குழியை விட்டுக் கிளம்பி, சந்தில் திரும்பி, டிராம் சாலையை நோக்கி மிதந்து போயிற்று. மாடியிலிருந்து பார்த்த பௌதி, “தாகுர் சோலே ஜாச்சே!” சாமி போகிறாரே என்று அலறினார். குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, அதைத் துரத்திப் போன மனிதர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாதவ் மாட்டுக் கயிற்றோடு உதவிக்குப் போனார். இருவருமாகக் கட்டி இழுத்து வந்தார்கள். குடை மட்டும் போய்விட்டது.

நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் பிஸ்வாஸ்தா கேட்டார்: “தாதா, உண்மையைச் சொல்லுங்கள். இந்த மழைக்கும் என் பீடி காரணமா?” இந்த முறை அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர்.

அண்ணாச்சி யோசித்தார். “தெரியாதுங்க. தெரியாததை நான் எழுத மாட்டேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “காரணம் இல்லைன்னும் எழுத மாட்டேன்” என்றார்.

தண்ணீர் வடிந்ததும் குழியைத் திரும்பக் கட்டினோம். அவர் ஓய்வுபெற்றார்; அதிகாரி கையால் ஒரு சந்தன மாலையும் வாங்கினார். எண்பதுகள் முடியும் நேரத்தில் பூமி சூடாகிறது என்று செய்தித்தாள்களிலேயே வரத் தொடங்கியது. பிஸ்வாஸ்தா ஒரு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “தாதா, நீங்கள் சொன்னதைப் போட்டிருக்கிறான்! மனிதகுலம்தான் பொறுப்பாம்!” நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டி முழுவதும் படித்து மடித்து வைத்தார்.

“மனிதகுலமுன்னு போட்டிருக்காங்க. அந்த ஆளை எனக்குத் தெரியாதுங்க. எங்க வீட்டு அடுப்பைத் தெரியும்.”

அவருடைய மகள் மல்லிகா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம். சுடுகாட்டில் அவள்தான் முன்னால் நின்றாள். விறகு வேண்டாம், மின்சாரத் தகனம்தான் என்று அவர் முன்பே சொல்லிவைத்திருந்தார். போய்ச் சேர்ந்தால் லோட்ஷெட்டிங். மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. உறவினர்கள் முணுமுணுத்தார்கள். விறகு பக்கத்திலேயே அடுக்கியிருந்தது. ஒரு பெரியவர் மல்லிகாவிடம், “எதுக்கும்மா காக்க வைக்கணும்? கரண்டும் கரியிலதானே வருது?” என்றார்.

“அதையும் அப்பா சொல்லிட்டார், காக்கு” என்றாள் அவள், சித்தப்பா முறை வைத்து. “ ‘கரண்ட்டும் கரிதானுங்க, ஆனா இதுல கொஞ்சம் குறைச்சல், அவ்ளோதான், என்னைப் பெரிய ஆளாக்காதீங்க’ன்னு. நாம வெய்ட் பண்ணலாம். அப்பாவுக்கு தாரா நேய்.” அவருக்கு அவசரமில்லை என்றாள்.

அப்பா சொன்னதைச் சொல்லும்போது அவள் குரலில் அவருடைய ஈரோடு அப்படியே வந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோருமே சிரித்தோம். மல்லிகாவும் சிரித்தாள், அழுதுகொண்டே. வெயில் ஏறியது. எல்லோரும் மர நிழலில் அவரைப் பற்றிப் பேசியபடி உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் வந்து, உள்ளே கூடத்தில் மின்விசிறி சுற்றத் தொடங்கியபோது எழுந்து நிற்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ‘என்னுது எவ்வளவு’ என்ற அந்தக் கேள்வி. வியாபாரத்துக்கு அது நல்லதல்ல. போன வாரம் என் மகன், டீசல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கிப் போடலாம், தெருவில் எல்லாக் கடையிலும் வந்துவிட்டது என்றான். என் வாயிலிருந்து அந்தக் கேள்விதான் வந்தது. “நீங்களும் அந்த மாமா மாதிரியே ஆயிட்டீங்கப்பா” என்று கோபித்துக்கொண்டு போனான். ஜெனரேட்டர் இன்னும் வாங்கவில்லை. மின்சாரம் போனால் என் கடையில் ஓர் அரிக்கேன் விளக்குதான். இருட்டில் சாப்பிடுகிறவர்கள் முனகினால், இன்ஸ்பெக்டர் உத்தரவு என்று சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எந்த இன்ஸ்பெக்டர் என்று கேட்கிறார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் தோசை ஆறிப்போகிறது. இன்னொன்று போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியைச் சொல்கிறேன்.